சிறு நாட்டின் பெருமக்கள்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது நம் முன்னோர் கூற்று. ஆயினும் நாடுகளைப் பற்றிப் பேசும்போது இவ்வுண்மையை நாம் மறந்துவிடுகின்றோம். பரந்த நிலமும் பெரும் படையும் உடைய நாடுகளின் தலைவர்களையும் கலைஞர்களையும் வீரர்களையும் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். தேசப்படத்திலே பெயரை அச்சிடுவதற்குக்கூட இடம் போதாத நாடுகளைப் பற்றி எவரும் வினவுவதில்லை. அத்தகைய நாடொன்றின் மக்கள் சிலரை இவ்வாரம் நம் வாசகருக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

ஐரோப்பாவின் நடுவிலே, அல்ப்ஸ் மலைச்சாரலில், சுவிற்சர்லாந்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே லீக்டன்ஸ்டைன் என்னும் சிற்றரசு அமைந்துள்ளது. அதன் பரப்பு 160 சதுர கிலோமீற்றர். பழைய கணக்கிற் சொல்வதாயின் 62 சதுர மைல். மேற்கே ரைன் நதி எல்லையாக ஓடுகின்றது. கிழக்கே மலைகள் மதிலென நிற்கின்றன. வடக்கிலிருந்து தெற்குவரை நீளம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். காலையில் நடக்கத் தொடங்குபவர் பொழுது சாய்வதற்குள் நாட்டையே கடந்துவிடலாம். சனத்தொகை இன்றும் ஏறக்குறைய 40,000 தான். அந்நாட்டுக்குக் கடல் இல்லை. அதனைச் சூழ்ந்த இரு நாடுகளுக்கும் கடல் இல்லை.

இச்சிறு நாட்டிலே பெயர் பெற்றோரின் வாழ்க்கையை ஒருங்கு வைத்து நோக்கும்போது ஒரு செய்தி புலனாகின்றது. அவர்களுள் ஒரு சாரார் நாட்டைவிட்டு வெளியே சென்று பெருமை பெற்றவர்கள். மற்றொரு சாரார் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். ஆகவே இந்நாட்டின் கதை அதன் வாயிலின் கதை. அவ்வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதை அறிந்தால் நாட்டையே அறிந்தவராவோம்.

பெயர் தந்தவர் காண வரவில்லை

நாட்டின் பெயரே வெளியிலிருந்து வந்த பெயர். லீக்டன்ஸ்டைன் என்பது வியன்னா நகரில் வாழ்ந்த செல்வக் குடும்பமொன்றின் பெயர். அக்குடும்பத்தவரான யோஹான் அடம் அந்திரேயாஸ் என்னும் இளவரசர், பேரரசின் சபையிலே ஆசனம் பெறும் உரிமையை நாடி, 1699ஆம் ஆண்டில் ஷெல்லன்பேர்க் என்னும் பகுதியையும் 1712ஆம் ஆண்டில் வாடுஸ் என்னும் பகுதியையும் விலை கொடுத்து வாங்கினார். 1719ஆம் ஆண்டில் இரண்டும் இணைந்து சிற்றரசாயின. வாங்கிய நிலத்தை வந்து பார்க்க வேண்டுமென்ற எண்ணம் இளவரசர் பரம்பரைக்கு நெடுங்காலம் எழவில்லை. ஆட்சியிலிருக்கும் இளவரசர் ஒருவர் முதன்முறை நாட்டுக்கு வந்தது 1842ஆம் ஆண்டிலேதான். அங்கேயே குடியிருக்கத் தலைப்பட்ட முதல் மன்னர் இரண்டாம் பிரான்ஸ் யோசெப். அவர் பட்டமெய்தியது 1938ஆம் ஆண்டில்.

மன்னர் இல்லாத அக்காலத்தில் மக்களுக்குத் தம் மண்ணின் வரலாற்றை எடுத்துரைத்தவர் ஓர் ஆசிரியர். மாவ்ரென் என்னும் கிராமத்தில் 1793ஆம் ஆண்டில் பிறந்த பீற்றர் கைஸர் என்பவரே அவர். பிழைப்பின்பொருட்டுச் சுவிற்சர்லாந்துப் பாடசாலைகளிற் கற்பித்தவர்; ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பழஞ் சுவடிகளைத் தேடினவர். 1847ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே லீக்டன்ஸ்டைன் நாட்டின் முதல் விரிவான சரித்திரம். அரசர்களை மட்டும் பாடாது, உழுது வரி கட்டிய குடிமக்களையும் அந்நூல் பேசிற்று. மறு ஆண்டில் பிராங்பேர்ட் நகரிற் கூடிய ஜேர்மன் தேசிய சபைக்கு நாட்டவர் அவரையே தம் பிரதிநிதியாக அனுப்பினர். அவர் கண்மூடியது 1864ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் கூர் நகரிலே. நாட்டின் கதையை எழுதியவருக்கு நாட்டிலே வேலை இல்லாதிருந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஏழு வயது இசைவாணர்

வெளியே சென்றவருள் உலகப்புகழ் பெற்றவர் யோசெப் ரைன்பேர்கர். இவர் 1839ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி வாடுஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் இளவரசரின் வருமானக் கணக்கைப் பார்த்த உத்தியோகத்தர். ஏழாம் வயதிலேயே யோசெப் ஊர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாத்தியக்காரராகப் பணிபுரிந்தார். அவ்வாத்தியத்துக்குக் கைக்கட்டைகள் மாத்திரமன்றிக் காலால் மிதிக்கும் கட்டைகளும் உண்டு. சிறுவனின் கால் எட்டாமையால் அவனுக்கென்றே உயர்த்திய மிதிகட்டைகள் செய்து கொடுத்தார்களாம்.

உள்ளூரிலே கற்கக்கூடியதைக் கற்று முடித்தபின், எல்லை கடந்து ஒஸ்திரியாவின் பெல்ட்கிர்ஷ் நகருக்குச் சென்று பாடங்கேட்டான் அச்சிறுவன். மகனை இசைத்தொழிலுக்கு விடத் தந்தையார் முதலில் இசையவில்லை. ஈற்றில் அவர் மனம் இளகவே, 1851ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுப் பாலகன் வீட்டைப் பிரிந்து ஜேர்மனியின் மியூனிக் நகர இசைக் கல்லூரியிற் சேர்ந்தான். வாழ்நாளின் எஞ்சிய பகுதியெல்லாம் அந்நகரிலேயே கழிந்தது.

ரைன்பேர்கர் இயற்றியவற்றுள் ஓர்கன் வாத்தியத்துக்கென ஆக்கிய இருபது பெரும் படைப்புக்கள் இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. இருபத்துநான்கு சுருதிகளுக்கும் ஒவ்வொன்று ஆக்கவேண்டுமென்பது அவர் எண்ணம். நான்கு மிஞ்சியிருக்கையில் 1901ஆம் ஆண்டில் காலமானார். ஆயினும் அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் மாணாக்கர் பரம்பரையே என்பது நம் கருத்து. இசை நாடகம் வகுத்துப் புகழ்கொண்ட எங்கல்பேர்ட் ஹம்பர்டிங்க், பின்னாளில் பேர்லின் வாத்தியக் குழுவை நடத்திய வில்ஹெல்ம் பூர்ட்வெங்லர் ஆகியோர் அவரிடம் பாடங்கேட்டவர்கள். அமெரிக்காவிலிருந்தும் கடல் கடந்து மாணவர் வந்தனர். சிற்றூர்ப் பிள்ளை ஒருவனைத் தேடி உலகமே வந்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போரிலே மியூனிக் நகரிலிருந்த அவர் கல்லறை சிதைந்தது. போருக்குப் பின்னர் அவருடைய எச்சங்கள் வாடுஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டன. பன்னிரண்டு வயதில் புறப்பட்ட பிள்ளை, இறந்து அரை நூற்றாண்டு கழிந்த காலத்தில் வீடு திரும்பினார்.

போனவர் எண்பது, வந்தவர் எண்பத்தொருவர்

இந்நாட்டுக்கு ஒரு காலத்திலே சிறு படையொன்றும் இருந்தது. 1866ஆம் ஆண்டுப் போரின்போது எண்பது வீரர் இத்தாலிய எல்லையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாயைக் காக்கச் சென்றனர். அங்கே போர் நிகழவில்லை. ஒருவரேனும் இறவாது திரும்பியபோது எண்ணிப் பார்த்தால் எண்பத்தொருவர் இருந்தனராம்! வழியிலே நட்புக்கொண்ட அயலார் ஒருவர் கூடவே வந்துவிட்டார் என்று அந்நாட்டார் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்கின்றனர். 1868ஆம் ஆண்டில் படையே கலைக்கப்பட்டது. அதன் கடைசி வீரரான அந்திரேயாஸ் கீபர் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து 1939ஆம் ஆண்டில் மறைந்தார்.

இது நகைப்புக்குரிய கதை. ஆனால், படையில்லாத இந்நாட்டின் வாயிலிலே மறுபடியும் அயலார் வந்து நின்றபோது அது நகைப்புக்குரியதாக இருக்கவில்லை.

நள்ளிரவில் வந்த ஐந்நூற்றுவர்

1945ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி இரவு. ஐரோப்பாவிலே போர் முடியுந் தறுவாய். நாட்டின் வடகோடியில் உள்ள ஷெல்லன்பேர்க் கிராமத்து எல்லையை ஏறக்குறைய ஐந்நூறு பேர் கடந்து உள்ளே புகுந்தனர். அவர்கள் ரஷ்யர், ஆனால் ஜேர்மன் சேனையின் கீழ் நின்று சோவியத் அரசுக்கெதிராகப் போரிட்டவர்கள். தலைவர் பொரிஸ் ஸ்மிஸ்லோவ்ஸ்கி என்னும் தளபதி. பெண்கள் சிலரும் அவர்களுடன் இருந்தனர்.

அப்போது லீக்டன்ஸ்டைனின் சனத்தொகை ஏறக்குறைய 12,000. இருபத்துநான்கு பேருக்கு ஓர் அகதி என்ற கணக்கு. எல்லையிற் காவலர் சிலரே நின்றனர். பிரதமர் யோசெப் ஹோப் தலைமையிலிருந்த அரசாங்கம் வந்தவர்களின் ஆயுதங்களை வாங்கிவிட்டு, அவர்களுக்கு உறைவிடமும் உணவும் அளித்தது.

சில மாதங்களுக்குள் சோவியத் தூதுக்குழுவொன்று வந்து, அவர்களைத் திருப்பியனுப்புமாறு வற்புறுத்தியது. வெற்றி பெற்ற வல்லரசின் சொல்லைத் தட்டும் துணிவு அன்று பெரிய நாடுகளுக்கே இருக்கவில்லை. அண்டையிலுள்ள ஒஸ்திரியாவிலேயே பிரித்தானியப் படையினர் பல்லாயிரம் கொசாக்கியரைக் கட்டாயமாகக் கையளித்துக்கொண்டிருந்த காலம் அது. திரும்பிச் சென்றவருக்குச் சிறைமுகாமோ மரணமோ காத்திருந்தது. அந்நிலையில் லீக்டன்ஸ்டைன் அரசாங்கம், விரும்புவோர் போகலாம், விரும்பாதவரை நாம் அனுப்பமாட்டோம் என்று உறுதியாக நின்றது.

அவ்வாண்டு செப்டெம்பரிற் பிரதமரான அலெக்ஸாண்டர் பிரிக் அந்நிலையிலிருந்து பிசகவில்லை. அந்நாட்டிலே சாரணர் இயக்கத்தைத் தொடக்கி வைத்தவரும் அவரே. படை என்பது ஒருவர்கூட இல்லாத நாட்டின் தலைவர் அவர். தூதுக்குழுவின் சொல்லை நம்பித் திரும்பியோர் உண்டு. எஞ்சினோரிற் பலர் 1947ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவுக்குக் கப்பலேறினர். ஸ்மிஸ்லோவ்ஸ்கி பின்னாளில் மீண்டும் வந்து லீக்டன்ஸ்டைனிலேயே குடியிருந்து 1988ஆம் ஆண்டில் இறந்தார். அவர்கள் எல்லை கடந்த இடத்தில் 1980ஆம் ஆண்டில் நாட்டிய நினைவுக்கல் இன்றும் நிற்கின்றது.

இவர்கள் குற்றமற்ற அகதிகளா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர்கள் ஹிட்லரின் சேனை உடை தரித்தவர்கள். ஆயினும், விசாரணையின்றி ஒருவனைக் கொலைக்களத்துக்கு அனுப்புவது நீதியாகாது என்பதே இச்செயலின் பொருளென நாம் கொள்கின்றோம்.

வாயில் எப்போதும் இவ்வாறு திறந்திருந்தது என்றுஞ் சொல்லுதற்கில்லை. அரசாங்கமே நியமித்த வரலாற்றாளர் குழுவொன்று 2005ஆம் ஆண்டில் தன் முடிவுகளை வெளியிட்டது. நாசிகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதருட் சிலர் எல்லையிலே திருப்பியனுப்பப்பட்டமையும், ஒஸ்திரியாவில் இளவரசர் குடும்பத்துக்கிருந்த பண்ணைகளிலே முகாம் கைதிகள் கட்டாய வேலை செய்தமையும் அக்குழுவின் அறிக்கையிற் பதிவாயின. தன் குறையைத் தானே தேடி எழுதிவைப்பதும் ஒரு நாட்டுக்குப் பெருமையே.

சிறைமுகாமில் வரைந்த பொறி

போரின் துயரத்தைத் தாங்கி வந்த இன்னொருவர் குர்ட் ஹேர்ட்ஸ்டார்க். இவர் 1902ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் பிறந்தவர். தந்தையார் யூதர், கணக்கிடும் பொறிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அக்காலத்துக் கணக்குப் பொறிகள் மேசையை அடைத்துக் கிடப்பவை. சட்டைப்பைக்குள் அடங்கும் பொறியொன்று ஆக்கவேண்டுமென்று குர்ட் எண்ணினார். 1938ஆம் ஆண்டளவில் அதன் நுட்பம் அவர் மனத்திற் செவ்வையாக அமைந்துவிட்டது. ஆனால் அவ்வாண்டிலேயே ஒஸ்திரியா ஹிட்லரின் கைக்குள் வீழ்ந்தது.

1943ஆம் ஆண்டில் அவர் கைதாகிப் புக்கன்வால்ட் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அவருடைய ஆற்றலை அறிந்த அதிகாரிகள், பொறியின் படங்களை வரையப் பணித்தனர். வெற்றிக்குப் பின் ஹிட்லருக்குப் பரிசாக அதனை அளிப்பது அவர்கள் திட்டம். பட்டினியும் சாவும் சூழ்ந்த இடத்திலே, நினைவிலிருந்து ஒவ்வொரு பாகமாக வரைந்தார் ஹேர்ட்ஸ்டார்க். அப்படங்கள் அவர் உயிரைக் காத்தன. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது.

அவரை அழைத்து இடங்கொடுத்தவர் லீக்டன்ஸ்டைன் மன்னர் இரண்டாம் பிரான்ஸ் யோசெப். நாட்டிலே அன்று உழவைத் தவிரத் தொழில் குறைவு; புதிய கைத்தொழில் வேண்டியிருந்தது. சரித்திர ஆசிரியர் கைஸர் பிறந்த அதே மாவ்ரென் கிராமத்திலே தொழிற்சாலை எழுந்தது. அங்கே பிறந்த பொறியின் பெயர் குர்ட்டா. உள்ளங்கையில் அடங்கும் உருளை அது, மின்சாரம் வேண்டாம். பக்கத்திலுள்ள சிறு நகர்த்திகளால் எண்ணை அமைத்து, மேலேயுள்ள கைப்பிடியை ஒருமுறை சுற்றினாற் கூட்டல். கைப்பிடியைச் சற்றே மேலிழுத்துச் சுற்றினாற் கழித்தல். பலமுறை சுற்றிப் பெருக்கலும் வகுத்தலுஞ் செய்யலாம். நடுவிலுள்ள ஒரே உருளை எல்லா இலக்கங்களுக்கும் பணிசெய்வதே அதன் நுட்பம். நிலமளப்போரும் மோட்டார்ப் பந்தயங்களில் வழிக்கணக்குப் பார்ப்போரும் அதனை விரும்பி வாங்கினர். மின்னணுக் கணிப்பான்கள் வந்து 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 1,40,000 பொறிகள் செய்யப்பட்டன. ஹேர்ட்ஸ்டார்க் அந்நாட்டிலேயே தங்கி 1988ஆம் ஆண்டில் மறைந்தார்.

இரண்டு பொற்பதக்கம், இல்லாத வாக்கு

பனிச்சறுக்கு விளையாட்டை அறிந்தோர் ஹன்னி வென்ஸல் என்ற பெயரையும் அறிவர். ஜேர்மனியிலே 1956ஆம் ஆண்டிற் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கையிலே பெற்றோருடன் லீக்டன்ஸ்டைன் வந்தவர். 1974ஆம் ஆண்டில், நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டியில் உலக வீராங்கனையானார். அவ்வெற்றியின் பின்னரே அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது.

1980ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. ஹன்னி இரண்டு பொற்பதக்கமும் ஒரு வெள்ளிப் பதக்கமும் வென்றார். தம்பி அந்திரேயாஸும் ஒரு வெள்ளி வென்றார். 25,000 பேரே வாழ்ந்த நாட்டுக்கு, ஒரே குடும்பம் ஒரே ஒலிம்பிக்கில் நான்கு பதக்கம் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டில் ஹன்னியின் மகள் தீனா வைராதர் ஒரு வெண்கலம் வென்று தாயின் வழியைத் தொடர்ந்தார்.

ஆனால் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டில் நாடே எழுந்து நின்று வாழ்த்திய அவ்வீராங்கனைக்குத் தேசியத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. அங்கே பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இல்லை. வாக்களிப்பது ஆண்களின் உரிமை. பெண்களுக்கு அதனைக் கொடுப்பதா என்று தீர்மானித்தவர்களும் ஆண்களே. 1971ஆம் ஆண்டிலும் 1973ஆம் ஆண்டிலும் சர்வசன வாக்கெடுப்பில் மறுத்துவிட்டனர்.

அயல்நாட்டாருக்குத் திறந்த வாயில் சொந்த வீட்டுப் பெண்களுக்கு மூடியிருந்தது. அதைத் தட்டியவர்களுள் ஒருவர் 1923ஆம் ஆண்டிற் பிறந்த மெலிற்றா மார்க்ஸர். அவரும் தோழியரும் 1981ஆம் ஆண்டில் ஓர் இயக்கங் கண்டனர். நூறாண்டு உறங்கிய அரசகுமாரியைப் பற்றி ஜேர்மானியர் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையொன்று உண்டு. அக்குமாரியின் பெயரையே இயக்கத்துக்கு இட்டனர். உறங்கியது பெண்களா, நாடா என்பதைக் கேட்போர் ஊகத்துக்கு விட்டனர் போலும்! நீதிமன்றத்தை நாடினர், பயனில்லை. 1983ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மன்றத்துக்கே சென்று முறையிட்டனர். வீட்டுக்குறையை ஊரறியச் செய்துவிட்டார்கள் என்று நாட்டிலே பலர் சினந்தனர். அவர்கள் பின்வாங்கவில்லை.

1984ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதி மூன்றாம் முறை வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றோர் 2,370. இல்லை என்றோர் 2,251. வித்தியாசம் 119 வாக்குகளே. ஐரோப்பாவில் ஈற்றாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய நாடு அதுவாயிற்று. 1986ஆம் ஆண்டுத் தேர்தலில் எம்மா ஐகன்மான் முதற் பெண் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். 2015ஆம் ஆண்டில் மெலிற்றா மார்க்ஸர் மறைந்தார். பத்தாண்டு கழிந்து, 2025ஆம் ஆண்டில், பிறிகிற்றே ஹாஸ் என்னும் பெண்மணி அந்நாட்டின் பிரதமரானார். அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவரே.

நாம் அறியத்தக்கது

சரித்திரம் எழுதிய ஆசிரியர், இசை கற்பித்த புலவர், அகதியைக் கைவிடாத பிரதமர், சிறையிலிருந்து நுட்பத்தைக் காத்த தொழில் வல்லுநர், பனிமலையில் வென்ற பெண், வாக்குக்காகப் போராடிய மாது என அறுவரைக் கண்டோம். அவர்களுள் ஒருவரேனும் நாட்டின் பரப்பளவாற் பெரியவராகவில்லை. கைஸருக்கும் ரைன்பேர்கருக்கும் அயல்நாடு இடந்தந்தது. ஹேர்ட்ஸ்டார்க்குக்கும் ஹன்னிக்கும் இந்நாடு இடந்தந்தது. பிரிக் இடந்தருவதையே தம் கடமையாகக் கொண்டார். மெலிற்றா, தம் சொந்த இடத்தையே கேட்டுப் பெறவேண்டியிருந்தது.

மாணவர்கள் இனித் தேசப்படத்தை விரிக்கும்போது ரைன் நதியின் கரையிலே அச்சிறு புள்ளியைத் தேடிப் பார்ப்பார்களாக. ஒரு நாட்டின் அளவைச் சதுர மைலிற் குறிப்பது பூமிசாத்திரத்துக்குப் போதும். அங்கே வாழ்வோருக்கு வேண்டுவது, வந்தவரையும் உள்ளிருப்பவரையும் நம்மவர் என்று எண்ணும் மனம். அம்மனம் 119 வாக்குகளால் வந்தாலும் வரவேற்கத்தக்கதே.